உப்பள டிஸ்கோவில் ஏழாவது பாட்டு

அந்தப் போனைக் கொஞ்சம் இந்தப் பக்கமாத் திருப்புங்க, தங்கச்சி. ம்… ஊதா வெளிச்சம், உப்புக் குவியல், அதுக்கு மேல ஒருத்தன் கூலிங்கிளாஸ் மாட்டிட்டு இடுப்பை வளைச்சு நிக்கான். நெனச்சேன். 'உப்பள டிஸ்கோ' ஆல்பம்தான? ஐஸ் பேக்டரி குரூப்பு. மணியாச்சில நீங்க ரயில் ஏறுனதுலருந்து பாக்கேன், காலைத் தட்டிக்கிட்டே வாரிய. ஏதோ சினிமாப் பாட்டாக்கும்னு இருந்துட்டேன்.

இப்ப எத்தனாவது பாட்டு ஓடுது? ரெண்டாவதா? அதுல அடியில டிகிடிகிடிகின்னு ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கும், பாட்டு முடியுத வரைக்கும் நிக்காது, கேக்குதா? அது என் இடது கை. மெஷின்னு நெனச்சிருப்பிய. எல்லாரும் அப்படித்தான் நெனைக்காங்க. மெஷின் இல்ல தங்கச்சி, கை. நாலு நிமிசத்துக்கு மேல நிறுத்தாம வாசிச்சு முடிச்சா விரலு மடங்க மாட்டேங்குது. டிரம்ஸ் அடிக்க பொன்ராஜ் ஓடிப்போய் ஐஸ் வாங்கிட்டு வந்து ஒத்தடம் குடுத்தான்.

நம்பலியா? நம்ப மாட்டிய. என் பேரு அதுல இருந்தால்லா நம்புவிய. நீங்களே வாசிச்சுப் பாருங்க. பாட்டு எழுதினது டென்சில், இசை டென்சில், குரல் டென்சில். கிட்டார் சாகுல். டிரம்ஸ் பொன்ராஜ். கீபோர்டு கெசியா. முடிஞ்சு போச்சு. எட்டு மாசம் நான் அங்கன உக்காந்து வாசிச்சேன், பேரு கெசியாவுக்கு. கீபோர்டு என் கீபோர்டு. அது கால்ல ஒட்டிருக்க டேப்பு நான் ஒட்டினது.

இல்லல்ல, எனக்கு இயர்போன் வேண்டாம். அந்த ஆல்பத்தைக் காதால கேக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன். நீங்க கேளுங்க. இல்லன்னா நிறுத்திட்டு நான் சொல்லுததைக் கேளுங்க. மதுர வர நேரம் கெடக்கு.

அந்த இடுப்பை வளைச்சு நிக்கவன்தான் டென்சில். நான் தூத்துக்குடில ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல பில் அடிக்கேன். ஞாயித்துக்கிழமைன்னா சர்ச்சுல கீபோர்டு. பதினாலு வயசுல அந்த ஸ்டூல்ல ஏறி உக்காந்தவ, யாருக்கும் விட்டுக் குடுத்ததில்ல. அஞ்சு ஐயரு, அதான் பாதிரியாரு, மாறிட்டாங்க, நான் மாறல. டென்சில் எங்க சர்ச்சு இல்ல, மாதா கோயில் பக்கம். ஒரு கல்யாணத்துக்கு வந்தவன், ஆராதனை முடிஞ்சதும் சாப்பாட்டுப் பந்திக்குப் போவாம நேரா என்ட்ட வந்தான். "அக்கா, கடைசிப் பாட்டுக்குப் பின்னால ஒரு சவுண்டு போட்டியளே, ஐஸை உரசுனாப்ல, அது என்னக்கா?"ன்னான்.

இருவது வருசமா வாசிக்கேன் தங்கச்சி. ஐயரம்மா "சத்தத்தைக் குறை"ம்பாங்க. கொயர்காரங்க "சீக்கிரம் முடி"ம்பாங்க. என்ன சவுண்டுன்னு ஒருத்தராவது கேட்டிருக்காங்களா? இவன் ஒருத்தன் கேட்டான். எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல, அவ்வளவு சந்தோசம். அந்தச் சந்தோசத்தை நெனச்சாத்தான் இப்ப எனக்கு வயிறு எரியுது.

அவன் அப்பா கப்பல்ல வேலை பாத்தவரு. எண்பதுகள்ல போன ஊர்லல்லாம் இங்கிலீசு கேசட்டா வாங்கிட்டு வந்து பெட்டி பெட்டியாக் குவிச்சிருக்காரு. டிரம்ஸு டுஷ்ஷு டுஷ்ஷுன்னு விழும். கிட்டாரு தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டு வாசிக்காப்ல இருக்கும். எல்லாத்துக்கும் மேல கீபோர்டு கண்ணாடி கணக்கா மின்னும். பாடுதவன் துக்கமாப் பாடுவான், ஆனா கேக்கவன் ஆடாம இருக்க முடியாது. டென்சிலுக்கு அதுதான் வேணும். "அதே மாதிரி வேணும்க்கா, ஆனா நம்ம உப்பளத்து வெயிலு அதுல அடிக்கணும்"ம்பான். இப்படிப் பேசிப் பேசித்தான் ஆளைக் கவுத்துருவான்.

பொன்ராஜ் அப்பாவுக்கு மீன்பிடித் துறைமுகம் பக்கத்துல ஒரு ஐஸ் கம்பெனி இருந்துது, மூடிட்டாங்க. சுவரு நல்ல தடிமன், எவ்வளவு அடிச்சாலும் சத்தம் வெளிய போவாது. மீன்வாடையும் போவாது. அங்கனதான் பிராக்டிஸ். அதான் ஐஸ் பேக்டரின்னு பேரு. ஆபீஸ் விட்டதும் நேரா அங்கன போயிருவேன். டென்சில் வாயில ஒரு மெட்டு முனங்குவான். "ம்ம்ம் ம்ம்"னு ரெண்டு வரி, அவ்வளவுதான். அதுக்குச் சட்டை தச்சு, பேண்டு தச்சு, ஷூ மாட்டி ரோட்டுல நடக்க விட்டது யாரு? நான். பாஸும் நான்தான். பாஸ் கிட்டாருக்கு ஆளு கெடையாது, எல்லாம் என் இடது கை.

அப்புறம் என்ன நடந்துன்னு கேளுங்க. எல்லாம் ரெக்கார்டு ஆயிட்டு. அடிக்கப் போற போஸ்டரோட மாதிரியை சாகுல் போன்ல காட்டுதான். 'இசை: டென்சில்.' நான் டென்சில்ட்ட கேட்டேன், "ஏம்ல, இதுல நான் எங்க?" அவன் சொல்லுதான், "மெட்டு நான் போட்டதுதானக்கா. நீங்க சவுண்டு போட்டிய. கீபோர்டுன்னு தனியாப் பெருசாப் போடுதேனே." சவுண்டு போட்டேனாம்! மைக் செட்டுக்காரனா நான்? எனக்கு வந்துதே கோவம். "அப்ப நீயே வாசிச்சுக்கல, நான் போறேன்"ன்னு பையைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

இப்படித்தான் என்னைக் குரூப்பை விட்டே தூக்கிட்டான் பாத்துக்கிடுங்க.

இல்ல, நானாப் போனேன்னு நீங்க நெனைக்கிய. அது அப்படி இல்ல. நான் அதுக்கு முன்ன நாலு தடவை போறேன்னு சொல்லிருக்கேன். நாலு தடவையும் மறுநாளே டென்சில் ஒரு பெட்டி மக்ரூனோட வீட்டு வாசல்ல வந்து நிப்பான். "அக்கா, நீங்க இல்லாம நாங்க மூணு பேரும் வெறும் பஜனை கோஷ்டிக்கா"ம்பான். நான் ஒரு மக்ரூனை எடுத்து வாயில போட்டேன்னா சமாதானம் ஆயிட்டேன்னு அர்த்தம். அதான் எங்களுக்குள்ள வழக்கம். கீபோர்டைக்கூட நான் எடுத்துட்டு வரல, ஐஸ் கம்பெனிலயே விட்டுட்டு வந்தேன். எடுத்துட்டு வந்தா, வந்து கூப்பிடுததுக்குச் சங்கடப்படுவானே! அவ்வளவு யோசிச்சிருக்கேன் நான்.

அஞ்சாவது தடவை வரல. ஒரு நாளு, ரெண்டு நாளு, பதினோரு நாளு. ஒரு மக்ரூன் இல்ல. ஒரு போன் உண்டா? ஒரு மெசேஜ் உண்டா? மனுசனா அவன்?

நம்பரா? நம்பரை அன்னைக்கே பிளாக் பண்ணிட்டேன். பின்ன? வீடு தெரியும்லா அவனுக்கு. கால் இருக்குல்லா.

பன்னெண்டாவது நாளு கெசியா வந்து நிக்கா. கெசியா எங்க கொயர்ல ஆல்டோ பாடுத பிள்ளை, பி.காம் கடைசி வருசம். நான் வாசிக்கையில பக்கத்துல நின்னு பாட்டுப் புத்தகத்துல பக்கம் திருப்பிவிடுவா. என் விரலைப் பாத்துப் பாத்தே வாசிக்கப் படிச்சுக்கிட்டா. அவளை டென்சில் கூப்பிட்டிருக்கான். "அக்கா, நீங்க வேண்டாம்னா நான் போவல. நீங்க திரும்பி வந்துட்டா அன்னைக்கே எந்திரிச்சிருவேன்"ங்கா. நான் என்ன சொல்ல? "போய் நல்லா வாசிட்டி"ன்னேன். வாய் சொல்லிட்டு. உள்ளுக்குள்ள அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், அந்த டென்சிலை நாலு பேரு முன்னால நாண்டுக்கிட்டுச் சாவுத மாதிரி ஆக்காம விடமாட்டேன்னு.

ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி வாரா. "அக்கா, டென்சில் அண்ணன் கேட்டாங்க. இசைன்னு ரெண்டு பேரு பேரையும் சேத்துப் போட்டுரலாமாம். உங்க பேரை எப்படிப் போடணும், இனிஷியலோடயா இல்லாமயான்னு கேக்கச் சொன்னாங்க"ங்கா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல தங்கச்சி. சின்னப் பிள்ளையைத் தூது விடுதியா? நேர்ல வரதுக்கு உனக்கு வலிக்குதா? "என் பேரு அதுல எங்கயாவது வந்துது, கேஸ் போட்டுருவேன்னு போய்ச் சொல்லு. ஒரு எழுத்து வரக் கூடாது"ன்னேன். அவ போய்ச் சொல்லிட்டா. அவனும் அந்தாக்ல அப்படியே போடாம விட்டுட்டான்! நான் சொன்னா விட்டுருவானா? ஒரு வார்த்தை வந்து கெஞ்சிருக்க வேண்டாமா? பாருங்க எவ்வளவு கல் மனசுன்னு.

வடை வருது, வாங்குதியளா? வேண்டாமா? எனக்கும் வேண்டாம். இதைப் பேச ஆரம்பிச்சா எனக்குப் பசிக்காது.

சரி, நான் செஞ்சதைச் சொல்லுதேன். அதுக்கு முன்ன உங்களுக்கு ஒரு விசயம் தெரியணும். எங்க சர்ச்சுகள்ல கீபோர்டு வாசிக்க எங்க எல்லாருக்கும் ஒரு கள்ளத்தனம் உண்டு. வெள்ளைக் கட்டையை விட்டுக் கையை எடுக்க மாட்டோம். எந்தப் பாட்டா இருந்தாலும் விரலு அதே இடந்தான். பாடுதவரு தொண்டைக்குத் தக்கன சுருதி மாத்த ஒரு பட்டன் இருக்கு. அதை அமுக்கினா மொத்தப் பெட்டியும் மேல ஏறும், இல்லன்னா கீழ இறங்கும். முறையாப் படிச்சவங்க பாத்தா காறித் துப்புவாங்க. ஆனா நாங்க எல்லாரும் அப்படித்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் என்ன சவுண்டு, என்ன வேகம், சுருதி எவ்வளவு ஏத்தம், எல்லாத்தையும் ஒரு நம்பர்ல சேத்து வச்சிருவோம். ஏழாவது பாட்டுன்னா ஏழை அமுக்கினாப் போதும், எல்லாம் தானா வந்து நிக்கும்.

இந்த ஏழாவது பாட்டுதான் 'உப்பள டிஸ்கோ'. ஆல்பத்துக்கே அதான் பேரு. அதுல "வெளிச்சமே…"ன்னு ஒரு இழுவை வரும். டென்சில் தொண்டைக்கு அதுதான் எல்லை, அதுக்கு மேல ஒரு இணுக்கு போவாது. ரெக்கார்டிங்ல பதினெட்டாவது தடவைதான் அதைப் பிடிச்சான். எனக்குத் தெரியும்லா, நான்தான எதிர்ல உக்காந்திருந்தேன்.

ஆல்பம் வெளிய வரதுக்குப் பதினஞ்சு நாளைக்கு முன்ன ஒரு காலேஜ் ஆடிட்டோரியத்துல கச்சேரி வச்சான். சாயங்காலம் ஆறு மணிக்கு. மத்தியானம் மூணு மணி போல கெசியா போன் போடுதா. "அக்கா, பயமா இருக்கு. நீங்க ஒரு தடவை வந்து செட்டிங்கைப் பாத்துத் தந்துட்டுப் போங்கக்கா. டென்சில் அண்ணன் சாப்பிடப் போயிருக்காங்க, அவங்களைப் பாக்க வேண்டாம்"ங்கா. கர்த்தரே வழி திறந்தாப்ல இருந்துது எனக்கு.

போனேன். மேடைல யாரும் இல்ல. வயரைச் சுத்திக்கிட்டு ஒருத்தன் கெடக்கான். சவுண்டு செக் எல்லாம் முடிஞ்சிட்டு. என் கீபோர்டு அங்கன நிக்கி. எவ்வளவு நாள் கழிச்சுப் பாக்கேன்! தூசி தட்டி, துணி போட்டு, நல்லாத்தான் வச்சிருக்கா கெசியா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்தேன். எல்லாம் நான் வச்சது வச்சபடி இருக்கு. கெசியா எனக்குத் தண்ணி எடுக்கப் போனா. ஏழை அமுக்கினேன். சுருதிப் பட்டன்ல ஏத்து, ஏத்து, ஏத்து. மூணு படி. சேவ்.

அவ்வளவுதான். வேற எந்தக் கீபோர்டுக்காரனா இருந்தாலும் வாசிக்க ஆரம்பிச்ச உடனே விரல் ஒரு இடம், சத்தம் ஒரு இடம்னு கண்டுபிடிச்சிருவான். கெசியா கண்டுபிடிக்க மாட்டா. அவ என்னைப் பாத்துப் படிச்சவ. அவளுக்கு எல்லாப் பாட்டும் வெள்ளைக் கட்டைதான்.

தண்ணியக் கொண்டுவந்து குடுத்தா. "எல்லாம் சரியா இருக்காக்கா?"ன்னா. "சரியா இருக்குட்டி. நீ எதையும் தொடாத. கண்ணை மூடிட்டு வாசி"ன்னேன். அதுக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அவ கை சில்லுன்னு இருந்துது. "இப்பத்தான்க்கா பயம் போச்சு"ன்னா.

நான் கடைசி வரிசைல ஒரு தூணுக்குப் பின்னால உக்காந்துட்டேன். கூட்டம்னா நல்ல கூட்டம், எல்லாம் காலேஜ் பிள்ளைய. முதல் பாட்டுலயே எந்திரிச்சு ஆட ஆரம்பிச்சிட்டுதுவ. நான் மட்டும் கையக் கட்டிக்கிட்டு ஆறு பாட்டையும் பொறுத்துக்கிட்டு இருந்தேன். என் சவுண்டு எல்லாம் அவன் பாட்டா ஓடுது. ஒவ்வொரு கைதட்டும் எனக்குக் கன்னத்துல விழுத மாதிரி இருந்துது.

ஏழாவது வந்துது. அது கீபோர்டு மட்டும் வச்சுத்தான் தொடங்கும். கெசியா வாசிக்கா, கண்ணை மூடிட்டு. டென்சில் ஒரு நொடி திரும்பி அவளைப் பாத்தான். அதைப் பாத்தேன் பாருங்க, அதுக்கே நான் பஸ்சுல கால் கடுக்க நின்னு வந்ததெல்லாம் சரியாப் போச்சு. சாகுல் கெட்டிக்காரன், கிட்டார்ல கையை மேல தள்ளிட்டான். பொன்ராஜுக்கு என்ன, டிரம்ஸுக்குச் சுருதியா இருக்கு? டென்சிலுக்கு வேற வழியில்ல. ஆயிரம் பேரு முன்னால நிறுத்த முடியுமா? பாட ஆரம்பிச்சான். முதல் நாலு வரி எக்கி எக்கிப் போயிட்டான். கழுத்து நரம்பு புடைக்கி. நான் மனசுக்குள்ள, வா மக்கா வா, இன்னும் ரெண்டு வரிதான்னுட்டு இருக்கேன்.

"வெளிச்ச…"ன்னு தூக்கினான். குரல் ரெண்டாக் கிழிஞ்சு போச்சு தங்கச்சி! தகரத்தைக் கிழிச்சாப்ல ஒரு சத்தம். நான் ஹேண்ட்பேக் வாரைப் பல்லுல கடிச்சுக்கிட்டேன், இல்லன்னா சிரிச்சே காட்டிக் குடுத்திருப்பேன். அடுத்த சுத்துலயும் கிழிஞ்சுது. அதோட எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். வாசல்ல ஒரு பன்னீர் சோடா வாங்கிக் குடிச்சேன். அப்படி ஒரு சோடாவை நான் என் ஆயுசுல குடிச்சதில்ல. அன்னைக்குத் தூங்கினேன் பாருங்க, அடிச்சுப் போட்ட மாதிரி.

கெசியா முகமா? கவனிக்கல. நான் அவனைல்லா பாத்துட்டு இருந்தேன். திட்டிருப்பானா? திட்டினா திட்டட்டும். என் ஸ்டூல்ல உக்காந்தால்லா.

இதோட முடிஞ்சிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன். மூணாம் நாளு எங்க ஆபீஸ்ல ஒரு பையன் போனைப் பாத்துட்டு, "எக்கா, நம்ம ஊருக்காரன் பாடுதான் பாருங்க, உசுரையே குடுத்துட்டான்"ங்கான். எட்டிப் பாத்தா, அதே கிழிசல்! அந்த 'வெளிச்சமே' மட்டும், கண்ணை மூடி, நரம்பு புடைச்சு, கிழிஞ்ச குரலோட. லச்சம் லச்சமாப் பாத்திருக்காங்க. கீழ அழுத பொம்மை, நெருப்புப் பொம்மை. ஒருத்தி எழுதிருக்கா, 'பொய்யில்லாத குரல்'னு. பொய்யில்லாத குரலாம்! அது நான் மூணு அமுக்கு அமுக்கினது!

அன்னைக்குக் கச்சேரிய ரெக்கார்டும் பண்ணிருக்கான். பதினெட்டுத் தடவை பாடிப் பிடிச்சதைத் தூக்கிப் போட்டுட்டு, இந்தக் கிழிஞ்சதை ஆல்பத்துல சேத்துட்டான். உங்க போன்ல இருக்குது அதுதான். ஒரு இன்டர்வியூல அவன்ட்ட கேக்காங்க, "இவ்வளவு உச்சத்துல பாடணும்னு எப்படித் தோணிச்சு?"ன்னு. அவன் கூலிங்கிளாஸைத் தூக்கி விட்டுக்கிட்டுச் சொல்லுதான், "சில முடிவெல்லாம் நாம எடுக்கதில்ல, மேடை எடுக்கும்"னு.

மேடையா எடுத்துது? நான் எடுத்தது! எட்டு மாசம் வாசிச்சதை எடுத்துக்கிட்டான், சரி. கெடுக்கணும்னு நான் செஞ்சேன் பாருங்க, அதையும் எடுத்துக்கிட்டான் தங்கச்சி. நான் பழி வாங்கினதுலயும் அவன் பேருதான் இருக்கு. அந்த இன்டர்வியூ பாத்த அன்னைக்குக் கெசியா நம்பரையும் பிளாக் பண்ணிட்டேன். அவ பேசினாலே எனக்கு அந்த மேடைதான் ஞாபகம் வருது. சர்ச்சுக்கும் மூணு மாசமாப் போவல.

இப்ப எதுக்கு மெட்ராஸ் போறேன்னு கேட்டியள்லா? நாளைக்கு அங்க அவன் கச்சேரி. நானும் டிக்கெட் எடுத்துருக்கேன், முன் வரிசை. ஏழாவது பாட்டு தொடங்குததுக்கு முன்ன எந்திரிச்சு நின்னு சத்தம் போட்டுச் சொல்லப் போறேன். "இதை ஏத்தினது மேடை இல்லல, நான்! உன்னை அசிங்கப்படுத்தணும்னு ஏத்தினேன்! உன் வெற்றி என் எச்சில்!" இப்படியே சொல்லுவேன். வீட்டுல கண்ணாடி முன்னால சொல்லிப் பாத்துட்டேன். சாட்சிக்குப் பென்டிரைவ்ல பழைய செட்டிங்கை வச்சிருக்கேன், இந்தா இந்தப் பைக்குள்ள இருக்கு. பாக்கவங்க எல்லாரும் போன்ல பிடிக்கட்டும். அந்த வீடியோவும் லச்சம் பேரு பாக்கட்டும். அந்த லச்சம் பேருக்கும் என் பேரு தெரியட்டும்.

என் பேரா? ஏன், இவ்வளவு நேரம் சொல்லலியா நான்? கோவத்துல எல்லாத்தையும் சொல்லி பேரைச் சொல்லலியாக்கும். ஹெப்சி.

ஏன் தங்கச்சி? ஏன் இப்படிக் கண்ணை விரிக்கிய? ஆமா, ஹெப்சிதான். ஹெப்சிபா. வீட்டுல, சர்ச்சுல எல்லாம் ஹெப்சி. கெசியா ஹெப்சியக்காம்பா.

உங்க ஹாஸ்டல்லயா? என் பேரு உங்க ஹாஸ்டல்ல எப்படித் தெரியும்? மெஸ்ல உப்பு கூடிட்டாலும் அதைச் சொல்லுவியளா? பரீட்சைல பேப்பர் கஷ்டமா வந்தாலுமா? எதைச் சொல்லுவிய? எனக்குப் புரியல, சிரிக்காமச் சொல்லுங்க. பாட்டுலயா? ஏழாவது பாட்டுல என் பேரு எப்படி வரும்? பாட்டு முடிஞ்ச பிறகா? நான்தான் பாதியிலயே எந்திரிச்சு வந்துட்டேனே.

நான் கேக்க மாட்டேன்னு சத்தியம்… சரி. தாங்க. கடைசிய மட்டும் வைங்க.

கைதட்டு கேக்குது. விசிலு. இது டென்சில் மூச்சு வாங்குதது, எனக்குத் தெரியும். "ஏட்டி கெசி, யாருட்டி இவ்வளவு ஏத்தி வச்சது? உசுரு போயிருக்கும்"ங்கான். சிரிக்கானே. கோவத்துல கத்திருப்பான்னுல்லா நான் நெனச்சேன்…

இருங்க. இருங்க. திருப்பிப் போடுங்க. அந்த இடத்தை மட்டும்.

"ஹெப்சியக்கா வச்சதுண்ணே. அக்கா வச்சா சரியாத்தான் இருக்கும்."

கெசியா. மைக்கு பக்கத்துல இருந்திருக்கு. அவ கோரஸ் பாடுவால்லா. எவ்வளவு சாதாரணமாச் சொல்லுதா பாருங்க. எல்லாரும் கைதட்டுதாங்க. எனக்கா கைதட்டுதாங்க? "அப்பம் சரி, இனிமே இதே சுருதிதான்"ங்கான் அவன். மக்ரூன் கொண்டுவந்து நிக்கையில பேசுவானே, அதே குரலு.

இதை வெட்டணும்னா வெட்டிருக்கலாம்லா அவன்? பேரு வரக் கூடாதுன்னு சொன்னது நான்தான. எழுத்துல எங்கயும் போடல. இதை மட்டும் வெட்டாம விட்டுருக்கான்.

அவ தெரிஞ்சு சொன்னாளா, தெரியாமச் சொன்னாளா? நீங்க பல தடவை கேட்டிருப்பியளே, உங்களுக்கு என்ன தோணுது? தெரிஞ்சுதான் சொன்னான்னா என்னைக் காப்பாத்தச் சொன்னான்னு ஆவும். தெரியாமச் சொன்னான்னா… தெரியாமத்தான் சொல்லிருக்கா. குரலைக் கேட்டியள்லா. அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது. கையைப் பிடிச்சுக்கிட்டு பயம் போச்சுன்னு சொன்னாளே தங்கச்சி. நான் அவகிட்ட கண்ணை மூடிட்டு வாசின்னு சொன்னேன்.

அக்கா வச்சா சரியாத்தான் இருக்கும்னு ஒரு ஹாஸ்டலு முழுக்கவா சொல்லுதிய? மதுரைலயும் சொல்லுதாங்களா? சட்டைல அடிச்சுக்கூடப் போடுதாங்களா? என்னையா? என்னை யாருன்னு நெனச்சிக்கிட்டு?

இப்பம் போட்டோ எடுக்கத்தான போனைத் தூக்கினிய? ஏன் கீழ வச்சிட்டிய?

எடுக்க வேண்டாம், அது சரிதான். இவ்வளவையும் நானே வாயால சொல்லிட்டேன்லா.

நான் விருதுநகர்லயே இறங்கிக்கிடுதேன். ஊருக்கு பஸ்சு உண்டு. மெட்ராஸ்ல எனக்கு என்ன வேலை? அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துத் தாங்க. தங்கச்சி, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன், நான் சொன்னதை உங்க ஹாஸ்டல்ல சொல்லிராதிய. டென்சிலுக்கு எழுதினாலும் எழுதுங்க, எனக்கு அது பெருசில்ல. கெசியா காதுக்கு மட்டும் போவக் கூடாது. அந்தப் பட்டனைத் தெரியாம அமுக்கிட்டேன்னு வச்சுக்கிடுங்க. கை தவறிட்டுன்னு வச்சுக்கிடுங்க. சொல்ல மாட்டியள்லா?